தூங்குமூஞ்சிப் புழுக்கள்

பட்டுப்புழுவோடு பத்து வருஷம் குடித்தனம் நடத்திய பிறகு, ஹயாமிக்குப் பட்டுப்பூச்சி ஒத்துக்கொள்ளாமல் போயிற்று.

முதலில் வெறும் தும்மல்தான். கூட்டைத் துளைத்துக்கொண்டு பூச்சிகள் வெளியே வரும் நாட்களில் அவற்றின் இறக்கையிலிருந்து மாவு போல ஒரு தூள் உதிரும். மேசை, தட்டு, விளக்கு, தலைமயிர் என்று எல்லாவற்றிலும் படிந்து கிடக்கும். வளர்ப்பு அறையில் வேலை செய்கிற எல்லோருமே தும்முகிறவர்கள்தான். ஹயாமி கொஞ்சம் கூடுதலாகத் தும்மினாள், கண்ணைக் கசக்கிக்கொண்டாள், மாத்திரை போட்டுக்கொண்டாள். ஜூன் மாத மழை பிடித்திருந்த ஒரு காலையில், பூச்சிகளை ஜோடி சேர்த்து, முட்டையிடுவதற்காகக் காகிதத்தின் மேல் விட்டுக்கொண்டிருந்தபோது, யாரோ கயிறு போட்டு இறுக்கியதுபோல் தொண்டை அடைத்தது. உதடு வீங்கியது. தட்டு கையிலிருந்து விழுந்த சத்தம் வரைதான் நினைவு.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது, டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"இனிமே அந்த ரூமுக்குள்ள கால் வைக்கக் கூடாது."

"நல்ல மாஸ்க்கா போட்டுக்கிட்டா?"

"அடுத்த தடவை உங்கள இங்க கொண்டு வர்ற வரைக்கும் உயிர் இருக்குமான்னு என்னால உத்தரவாதம் குடுக்க முடியாதும்மா."

ஹயாமிக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. மயெபாஷி ஊருக்கு வெளியே, அகாகி மலையைப் பார்த்தாற்போல இருந்த அந்தப் பட்டு ஆராய்ச்சி நிலையத்தில் அவளுடைய கைக்கு ஒரு பெயர் இருந்தது. கடுகளவு முட்டையின் ஓட்டில் ஊசியால் துளை போட்டு, உள்ளே ஒரு சொட்டு மருந்தைச் செலுத்தி, துளையைப் பசை வைத்து மூடுவது அவளுக்குச் சோறு உண்பதுபோல. மற்றவர்கள் தொட்ட முட்டைகளில் பாதி செத்துப்போகும். அவள் தொட்டவை பொரியும். "அந்தப் பொண்ணு கையில புழுக்கடவுள் உக்காந்திருக்கு" என்று நிலையத்தின் மூத்த பேராசிரியர் தொகிதா விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பார். அந்தக் கையைத்தான் இப்போது மடியில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அவள் அழுதது வேலை போய்விடுமே என்று மட்டும் அல்ல. பாதியில் விட்டுவந்த தூங்குமூஞ்சிகளை நினைத்துத்தான் அதிகம் அழுதாள்.

தூங்குமூஞ்சி என்பது ஒரு புழு இனத்துக்கு அவர்கள் வைத்திருந்த செல்லப்பெயர். பட்டுப்புழு கூடு கட்டுவதற்குள் நான்கு முறை தோல் உரிக்கும். ஒவ்வொரு முறையும் தின்பதை நிறுத்தி, தலையைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு நாள் அசையாமல் கிடக்கும். பட்டு வளர்ப்பவர்கள் அதைத் தூக்கம் என்பார்கள். தூக்கம் கலைந்ததும் பழைய தோலைக் கழற்றிப்போட்டுவிட்டு இலையின் மேல் பாயும். இந்த இனம் மட்டும் அப்படி இல்லை. மற்றவை எழுந்து தின்னத் தொடங்கிய பிறகும் இரண்டு நாள் வரை படுத்தே கிடக்கும். சில எழுந்திருக்காமலே செத்துப்போகும். புழு எப்போது தூங்க வேண்டும், எப்போது விழிக்க வேண்டும் என்று சொல்லும் கடிகாரம் உடலுக்குள் எங்கோ இருக்கிறது, அதை ஓட்டுகிற மரபணு இந்த இனத்தில் பழுதாகிவிட்டது என்று ஹயாமி நம்பினாள். அந்த மரபணுவைக் கண்டுபிடிப்பதுதான் அவள் வாழ்க்கையின் வேலையாக இருந்தது.

வீடு திரும்பிய மறுவாரம் தொகிதா சென்செய், அதாவது தொகிதா வாத்தியார், அவளைக் கூப்பிட்டார். வழக்கம்போல அவர் மேசையில் ஆறிப்போன தேநீர்க் கோப்பைகள் வரிசையாக இருந்தன.

"மூணாவது மாடி, கடைசி ரூம். பூச்சித்தூள் அங்க வராது. ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருக்கேன். எப்படி ஆன் பண்றதுன்னு எனக்குத் தெரியாது, நீயே கண்டுபிடிச்சுக்கோ."

"நான் அங்க போய் என்ன பண்ணுவேன், சென்செய்?"

"புழுவோட டி.என்.ஏ. எழுத்தையெல்லாம் இன்னும் கொஞ்ச வருஷத்துல படிச்சுடுவாங்க. மூட்டை மூட்டையா வந்து கொட்டப் போகுது. படிக்கற மெஷின் வந்தாச்சு. புரிஞ்சுக்கற ஆள்தான் இல்ல."

"புழுவையே தொட முடியாதவ, அதப் பத்தி என்னத்தக் கண்டுபிடிக்கப் போறா?"

"தொடாம கண்டுபிடிக்கற ஒருத்தியத்தான் நானும் தேடிக்கிட்டிருந்தேன்" என்றார் அவர். "நீயா வந்து மாட்டிக்கிட்ட."

மூன்றாவது மாடிக்கு அவள் நாடு கடத்தப்பட்டவள் போலத்தான் போனாள். முதல் வருஷம் முழுவதும் இயந்திரத்துக்கும் அவளுக்கும் சண்டை. ஒரு புள்ளி விட்டுப்போனால் அது மொத்த நிரலையும் துப்பிவிடும். ஊசிமுனையில் உயிரைக் காப்பாற்றத் தெரிந்த கை, விசைப்பலகையில் எழுத்தைத் தேடித் தேடித் தட்டியது. கல்லூரி மாணவர்களுக்கான பாடப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தாள். கீழே வளர்ப்பு அறையில் இலை போடும் நேரம் வந்தால், அவள் கை தானாக எழுந்துகொள்ளப் பார்க்கும்.

பிறகு ஒரு நாள், ஒரு மாற்றம். பழ ஈயின் மரபணு ஒன்றையும் பட்டுப்புழுவின் துணுக்கு ஒன்றையும் அருகருகே நிறுத்திப் பார்க்க அவளே எழுதிய நிரல், தடங்கலில்லாமல் ஓடி முடிந்தது. திரையில் இரண்டு எழுத்து வரிசைகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றன. எத்தனையோ கோடி வருஷங்களுக்கு முன் பிரிந்துபோன இரண்டு பூச்சிகள், அந்த ஓரிடத்தில் மட்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போயின. ஹயாமிக்குக் கை மயிர் சிலிர்த்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மதியச் சாப்பாட்டை மறந்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசியைக் கையில் பிடித்திருந்தபோது வந்த அதே அமைதி அன்று அந்த அறைக்குள்ளும் வந்தது.

அவள் விட்டுவந்த தூங்குமூஞ்சிகளை முரோய் எடுத்துக்கொண்டாள்.

முரோய் ஒசாகாக்காரி. ஹயாமியைவிட இரண்டு வயது இளையவள், முனைவர் பட்டம் முடித்து அந்த வருஷம்தான் நிலையத்துக்கு வந்திருந்தாள். வாய் நீளம். மரியாதையாக 'ஹயாமி-சான்', 'நீங்க' என்றுதான் பேசுவாள். அந்த மரியாதைக்குள்ளேயே ஆளைக் கிண்டி எடுத்துவிடுவாள். இருவருக்கும் ஓர் ஏற்பாடு உண்டானது. எந்த மரபணுமேல் சந்தேகம் என்று ஹயாமி திரையில் பார்த்துச் சொல்வாள். சரியா தவறா என்று முரோய் புழுவிடம் கேட்டுச் சொல்வாள்.

தினமும் மதியம் முரோய் சாப்பாட்டுப் பெட்டியோடு மூன்றாவது மாடிக்கு வந்துவிடுவாள். எப்போதும் தலைமயிர் ஈரமாகச் சொட்டிக்கொண்டிருக்கும். குளிர்காலத்தில் அகாகி மலைக் காற்று ஊசியாகக் குத்தும்போதுகூட அப்படித்தான்.

"என்ன கோலம் இது, இந்தக் குளிர்ல?" என்று ஹயாமி முதல் வருஷம் கேட்டாள்.

"நீச்சல் கத்துக்கறேன். டவுன் குளத்துல."

"வந்துச்சா?"

"எங்க! இன்னும் மிதக்கவே மாட்டேங்குது."

அதுவே ஒரு வேடிக்கையாகிப்போனது. "மிதந்தியா?" என்று ஹயாமி கேட்பாள். "முங்கிட்டேன்" என்று முரோய் சொல்வாள். பிறகு இருவரும் சாப்பிட்டுக்கொண்டே தூங்குமூஞ்சிகளைப் பற்றிச் சண்டை போடுவார்கள்.

தொகிதா சென்செய் சொன்னதுபோலவே எழுத்துகள் வந்து கொட்டின. பட்டுப்புழுவின் மொத்த மரபணுத் தொகுதியின் முதல் வரைவு வெளிவந்தபோது அவர் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். ஹயாமி மாதக்கணக்கில் திரையைவிட்டு நகரவில்லை. தூங்குமூஞ்சிகளின் கோளாறு எந்தத் துண்டில் இருக்கிறது என்று முரோயின் கலப்புச் சோதனைகள் ஏற்கெனவே வேலி போட்டுக் கொடுத்திருந்தன. அந்த வேலிக்குள் ஒரு சில மரபணுக்களே இருந்தன. அதில் ஒன்றைப் பார்த்ததும் ஹயாமி துள்ளி எழுந்தாள். தோலுரிக்கச் சொல்லும் சுரப்புநீரை உடலில் கட்டுப்படுத்துகிற மரபணு அது. கடிகாரத்தின் சாவியே கையில் கிடைத்த மாதிரி.

"இதுதான் முரோய். கண்ண மூடிக்கிட்டுச் சொல்றேன், இதுதான்."

"போன ரெண்டு தடவையும் கண்ண மூடிக்கிட்டுத்தான் சொன்னீங்க. இந்த வாட்டியாவது திறந்து வச்சுக்கிட்டுச் சொல்லுங்க."

முரோய் அந்த மரபணுவின் நல்ல பிரதியைத் தூங்குமூஞ்சி முட்டைகளுக்குள் செலுத்தினாள். புழுக்கள் பொரிந்து வளர்ந்தன. தோலுரிக்கும் நேரம் வந்தது. அவை முன்போலவே தூங்கின. மறுபடி செய்தாள். மறுபடியும் தூங்கின. அடுத்த பருவத்தில் வேறொரு வழியில் செய்து பார்த்தாள். அப்போதும் அப்படியே.

அந்த வருஷம் செப்டம்பரில், மதியச் சாப்பாட்டின்போது, முரோய் பெட்டியைத் திறக்காமலே சொன்னாள்.

"ஹயாமி-சான், இது இல்ல. உங்க கம்ப்யூட்டர் ஒண்ணு சொல்லுது, புழு வேற ஒண்ணு சொல்லுது. நான் புழு பக்கம்."

"எத்தன முட்ட பொழச்சுது?"

"பத்துல நாலு."

"அதான் பாத்தேன்" என்றாள் ஹயாமி. சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் பல வருஷத்து ஏக்கம் ஒரு நொடியில் நாக்கில் வந்து உட்கார்ந்துகொண்டது. "பாதிக்கு மேல சாகுதுன்னா என்ன அர்த்தம்? ஊசி உள்ள சரியாவே போகல. என் கை மட்டும் அங்க இருந்திருந்தா இது எப்பவோ முடிஞ்சிருக்கும்."

முரோய் சாப்பாட்டுப் பெட்டியைத் துணியில் திரும்பக் கட்டினாள்.

"அப்ப வாங்க" என்றாள். "வந்து நீங்களே பண்ணுங்க."

அது கோபத்தில் சொன்ன பேச்சு. ஹயாமி உண்மையாகவே கிளம்புவாள் என்று முரோய் நினைக்கவில்லை. ஆனால் மறுநாள் காலை, தலை முதல் கால் வரை மூடும் பாதுகாப்பு உடுப்பும் கண்ணாடியும் வடிகட்டி வைத்த முகமூடியும் போட்டுக்கொண்டு, ஹயாமி வளர்ப்பு அறை வாசலில் வந்து நின்றாள்.

"வேண்டாம் ஹயாமி-சான். நேத்து நான் சும்மா ஒரு வேகத்துல சொன்னேன்."

"அரை மணி நேரம். அதுக்குள்ள முடிச்சுட்டு வந்துடுவேன்."

"உங்க உயிரு மேல எனக்கு ஆசை இருக்கு."

"எனக்கும் இருக்கு. கதவத் தொற."

ஏழு வருஷத்துக்குப் பிறகு அந்த அறைக்குள் போனாள். முகமூடிக்குள் வாசனை எதுவும் வரவில்லை. ஆனால் தட்டுகளில் புழுக்கள் இலையைத் தின்கிற சத்தம், ஓட்டின்மேல் விழும் தூறல் போல, அப்படியே இருந்தது. நுண்ணோக்கியின் முன்னால் உட்கார்ந்தாள். முட்டையை வைத்தாள். ஊசியை எடுத்தாள்.

முதல் முட்டை உடைந்தது. இரண்டாவதும் உடைந்தது. கையுறைக்குள் விரல் எங்கே முடிகிறது, ஊசி எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது. கொஞ்சம் அழுத்தினால் பொத்துக்கொண்டது, கொஞ்சம் விட்டால் வழுக்கியது. முரோய் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டில் இருந்ததில் முக்கால்வாசி போனபோது ஹயாமிக்குப் புரிந்துவிட்டது. பத்தில் நான்கைப் பிழைக்கவைப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அவள் மறந்தே போயிருந்தாள்.

எழுந்து மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அப்போதுதான் தொண்டை இறுகத் தொடங்கியிருப்பதை உணர்ந்தாள். முகமூடியின் ஓரத்தில் எங்கோ இடைவெளி விட்டிருந்தது.

கதவை நோக்கி நடந்தாள். வெளியறைக்கு வந்ததும் காற்று வேண்டும் என்று தலையுறையைப் பிடித்து இழுத்தாள். அது வரவில்லை. முகமூடியின் பட்டையோடு சிக்கிக்கொண்டது. இரண்டு கையாலும் இழுத்தாள், தலையை இப்படியும் அப்படியும் உதறினாள், சுவரில் தேய்த்தாள். முரோய் பாய்ந்து வந்து கத்தரியால் பட்டையை வெட்டினாள். ஹயாமியின் பையிலிருந்து, ஒவ்வாமைக்கென்று அவள் வைத்திருந்த அவசர ஊசியை எடுத்துத் தொடையில் குத்தினாள். பிறகு ஆம்புலன்ஸ், பழைய ஆஸ்பத்திரி, பழைய டாக்டரின் முறைப்பு.

இந்த முறை ஆபத்து சீக்கிரம் விலகியது. சாயங்காலம் முரோய் வந்தாள். கதவருகே தாதி அவளைத் தடுத்து நிறுத்துவது ஹயாமிக்குக் கேட்டது.

"பூச்சி ரூம்லேர்ந்து வர்றவங்கள உள்ள விடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"குளிச்சுட்டுத்தாங்க வந்தேன். துணியும் மாத்தியாச்சு. தலைய வேணா தொட்டுப் பாருங்க. இது எனக்கு ஒண்ணும் புதுசு இல்ல, ஏழு வருஷமா தெனமும் குளிச்சுட்டுத்தான் இவங்ககூட உக்காந்து சாப்பிடறேன்."

ஹயாமி தலையணையிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். முரோய் ஈரத் தலையோடு உள்ளே வந்து, எதுவும் நடக்காததுபோல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நீச்சல்னு சொன்ன."

"எனக்குத் தண்ணின்னாலே பயம்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? 'ஐயோ, எனக்காகக் கஷ்டப்படாத, இனிமே வராத'ன்னு சொல்லியிருப்பீங்க. அப்பறம் நான் யாரோட சண்ட போட்டுக்கிட்டு சாப்பிடறது?"

ஹயாமிக்கு மூக்கு அடைத்துக்கொண்டது. இந்த முறை பூச்சித்தூளால் அல்ல. நேற்று மதியம் தான் பேசிய பேச்சு ஒவ்வொரு வார்த்தையாக நெஞ்சில் திரும்பி வந்தது. படுக்கையிலேயே முழங்கால் மடித்து உட்கார்ந்து, நெற்றி போர்வையில் படும்படி குனிந்தாள்.

"மன்னிச்சுடு முரோய். உன் கையப் பத்தி நான் பேசினது தப்பு. எனக்கு அந்தக் கை இப்ப இல்ல. உன்கிட்டதான் இருக்கு."

"அட, எந்திரிங்க! தாதி பாத்தா நான்தான் உங்கள என்னமோ பண்ணிட்டேன்னு நெனப்பாங்க." முரோய்க்குப் பாராட்டு என்றாலே கூச்சம். கண்ணைத் துடைத்துக்கொண்டு பேச்சை மாற்றினாள். "அத விடுங்க. காலைல உங்களப் பாக்கணுமே! உயிரே போற நேரம், எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு, சத்தியமா. அந்தத் தலையுறை மாட்டிக்கிச்சு பாருங்க. தலைய இப்பிடி ஆட்டறீங்க, அப்பிடி ஆட்டறீங்க, செவுத்துல போய்த் தேய்க்கறீங்க. அச்சு அசல் நம்ம தூங்குமூஞ்சிங்க மாதிரியே..."

சொல்லிக்கொண்டு வந்தவள் நிறுத்தினாள்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அதுங்க தலைய ஆட்டுமா?" என்றாள் ஹயாமி மெதுவாக.

"ஆட்டும். முழுசா முழிக்கறதுக்கு முன்னாடி நாள் பூரா ஆட்டிக்கிட்டே கெடக்கும். தட்டு விளிம்புல தேய்க்கும். தூக்கக் கலக்கம்னு நெனச்சுக்கிட்டோம்."

"நானும் பாத்திருக்கேன். அப்படித்தான் நானும் நெனச்சேன்."

பட்டுப்புழு தோலுரிக்கும்போது முதலில் கழன்று விழுவது தலைமேல் இருக்கும் பழைய ஓடு. சின்னத் தொப்பி மாதிரி இருக்கும். அது விழுந்தால்தான் புது வாய் வெளியே வரும், இலையைத் தின்ன முடியும். இனத்துக்குப் பெயர் வைத்தவர்களிலிருந்து ஹயாமி வரை, எல்லோரும் அந்தப் புழு நேரத்துக்கு எழுவதில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அது தூங்கவே இல்ல" என்றாள் ஹயாமி. "நேரத்துக்கு முழிச்சுக்கிட்டு, தொப்பியக் கழட்ட முடியாம தவிச்சுக்கிட்டு இருக்கு."

முரோய் எழுந்துவிட்டாள். "அடுத்த தூக்கம் நாளன்னிக்கு. நீங்க படுங்க. நான் போயிட்டு வரேன்."

சோதனை என்று சொல்லக்கூட வெட்கமாக இருந்தது, அவ்வளவு எளிது அது. மற்றப் புழுக்கள் தோலுரித்த அதே நேரத்தில், முரோய் ஒரு தட்டுத் தூங்குமூஞ்சிகளை எடுத்து வைத்துக்கொண்டு, மெல்லிய இடுக்கியால் ஒவ்வொன்றின் தலையோட்டையும் நோகாமல் கழற்றிவிட்டாள். அடுத்த தட்டை அப்படியே விட்டுவைத்தாள். ஹயாமி வீட்டில் தொலைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மணி அடித்தது.

"ஹயாமி-சான், கேளுங்க."

முரோய் பேசியைத் தட்டுக்கு அருகில் கொண்டுபோய்ப் பிடித்தாள். கம்பி வழியே தூறல் சத்தம் வந்தது. தூங்குமூஞ்சிகள் நேரத்துக்கு எழுந்து இலை தின்றுகொண்டிருந்தன.

ஹயாமி வேலைக்குத் திரும்பியதும், அந்த வேலிக்குள் இருந்த மரபணுக்களை முதலிலிருந்து பார்த்தாள். முன்பு கடிகாரத்தைத் தேடினாள், இப்போது பழைய தொப்பியைப் பிடித்துவைத்திருக்கும் பசையைக் கரைக்கும் ஒன்றைத் தேடினாள். வரைவில் ஓர் ஓரத்தில் இரண்டு அரைகுறைத் துணுக்குகள் தனித்தனியே கிடந்தன. அவற்றை ஒன்றுக்கும் உதவாதவை என்று அவள் முன்பே ஒதுக்கியிருந்தாள். இப்போது அருகருகே வைத்துப் பார்த்ததும் தெரிந்தது, அவை இரண்டல்ல, ஒன்று. மொத்தத் தொகுதியையும் கோத்தபோது நடுவில் தவறாக அறுந்துபோன ஒரே மரபணு. பழைய தோலுக்கும் புதுத் தோலுக்கும் நடுவே உள்ள பிடிப்பைக் கரைத்துவிடும் நொதியை உண்டாக்கும் மரபணு அது. தூங்குமூஞ்சிகளில் அதன் ஒரு பகுதியே காணாமல் போயிருந்தது.

இந்த முறை அவள் கண்ணை மூடிக்கொண்டு எதையும் சொல்லவில்லை.

"முரோய், இது சரியா இருக்கலாம். தப்பாவும் இருக்கலாம். நீ புழுகிட்ட கேட்டுச் சொல்லு."

"அடேயப்பா, ஆஸ்பத்திரில ஆளையே மாத்தி அனுப்பிட்டாங்க போல" என்றாள் முரோய்.

அடுத்த வசந்தத்தில் முரோய் முட்டைகளில் ஊசி போட்டாள். கோடையில் அவற்றின் பிள்ளைகள் தோலுரித்தன. தலையை இரண்டு உதறு உதறின, தொப்பிகள் விழுந்தன. முரோய் மாடிப்படியில் ஓடிவந்தாள். பாதி வழியில் நின்று, தன் உடுப்பைப் பார்த்துக்கொண்டு, அங்கிருந்தே கத்தினாள்.

"கழண்டுடுச்சு! எல்லாம் கழண்டுடுச்சு! நான் குளிச்சுட்டு வரேன், அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க!"

இதைப் பற்றிய கட்டுரை வெளிவந்தபோது, 'இருவருக்கும் சம பங்கு' என்ற குறிப்போடு இருவர் பெயரும் முதலில் வந்தன. யார் பெயரை இடப்பக்கம் போடுவது என்று மட்டும் ஒரு வாரம் சண்டை நடந்தது. இருவருமே மற்றவள் பெயர்தான் முன்னால் வரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். கடைசியில் காகிதம்-கல்-கத்தரி விளையாடி முடிவு செய்தார்கள். தோற்ற ஹயாமியின் பெயர் முன்னால் போயிற்று. அந்தக் கட்டுரை உலகைப் புரட்டிப்போடவில்லை. ஆனால் பூச்சி தோலுரிப்பதைப் படிக்கிறவர்கள் தொலைதூர நாடுகளிலிருந்து எழுதினார்கள், புழு முட்டை கேட்டார்கள், அந்த நிரலையும் கேட்டார்கள். ஹயாமிக்கு நிலையத்தில் நிரந்தர வேலை கிடைத்தது. முரோய்க்குக் கியூஷூவில் ஒரு பல்கலைக்கழகம் சொந்த ஆய்வகமே தந்தது.

முரோய் கிளம்புவதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில், ஆராய்ச்சிக்காக உயிர்விட்ட புழுக்களுக்கு ஆண்டுதோறும் நடக்கும் நினைவு வழிபாடு நடந்தது. நிலையத்தின் பின்புறம் மல்பெரித் தோட்டத்தின் ஓரமாக ஒரு கல் உண்டு. கோயிலிலிருந்து துறவி வந்து ஓதினார். எல்லோரும் வரிசையில் நின்று, ஒரு இலை வைத்து, ஊதுவத்தி ஏற்றி, கைகூப்பி நகர்ந்தார்கள். தொகிதா சென்செய் தடியை ஊன்றிக்கொண்டு வந்திருந்தார்.

ஹயாமியின் முறை வந்தது. இலையை வைத்துவிட்டுக் கண்ணை மூடியவள் நகர நேரமாயிற்று. நன்றி சொல்ல வேண்டியவர்கள் ஒருவர் பின் ஒருவராக மனதில் வந்து நின்றார்கள். அவள் கையில் செத்த புழுக்கள், முரோயின் கையில் செத்தவை, தன்னை மூன்றாவது மாடிக்குத் துரத்திவிட்ட கிழவர், முறைத்த டாக்டர், பழ ஈயின் எழுத்துகளை முகம்தெரியாத யாருக்காகவோ பொதுவில் வைத்த அந்நியர்கள். அந்த அந்நியர்களில் ஒருவரையும் அவள் பார்த்ததில்லை. அவர்கள் இல்லாவிட்டால் ஒரு எழுத்தும் அவளுக்குப் புரிந்திருக்காது.

"பின்னால கூட்டம் நிக்குது" என்று முரோய் முதுகில் குத்தினாள். "புழுங்களுக்கெல்லாம் பேர் சொல்லியா நன்றி சொல்றீங்க?"

வழிபாடு முடிந்து, குச்சியில் குத்திச் சுட்ட மஞ்சூ மாவு உருண்டையில் இனிப்புக் குழம்பு ஒழுக ஒழுக எல்லோரும் நின்று தின்றுகொண்டிருந்தபோது, தொகிதா சென்செய் ஹயாமியின் பக்கத்தில் வந்தார்.

"ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன். நாளைக்கே ஒரு மருந்து வந்து, உனக்கு அந்த ஒவ்வாமை போயிடுதுன்னு வச்சுக்கோ. திரும்பக் கீழ போயிடுவியா?"

முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கு யோசிக்கவே வேண்டியிருந்திருக்காது. இப்போது மூன்றாவது மாடியின் கடைசி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள். காலையில் ஓடவிட்டு வந்த நிரல் இந்நேரம் முடிந்திருக்கும். என்ன வந்திருக்கிறது என்று பார்க்க மனம் பரபரத்தது.

"போவேன் சென்செய்" என்றாள். "ஒரு நாள் போய், அதுங்க திங்கறதப் பக்கத்துல உக்காந்து கேட்டுட்டு, திரும்பி மேல வந்துடுவேன்."

கிழவர் தலையை ஆட்டிக்கொண்டே இன்னொரு உருண்டையை எடுத்துக்கொண்டார்.

"உனக்கு நான் ஒரு நன்றி சொல்லணும்" என்று ஹயாமி முரோயிடம் தொடங்கினாள்.

"ஐயோ, வேண்டாம். அந்த மாதிரிப் பேச்செல்லாம் பேசினா எனக்குச் சொறி வரும். உங்களுக்குப் பூச்சித்தூள் மாதிரி." முரோய் வாயைத் துடைத்துக்கொண்டாள். "கியூஷூலேர்ந்து ஒரு புது இனம் அனுப்பறேன். கூடு கட்ட உக்காந்துட்டு பாதில மறந்துபோயிடுது. ஏன்னு கண்டுபிடிங்க."

"மறந்துபோகுதா, இல்ல கட்ட முடியலையா?"

"அதத்தான் கேக்கறேன்" என்றாள் முரோய்.

இருவரும் கையில் குச்சியோடு அங்கேயே நின்று, நூல் சுரப்பியில் கோளாறா, தலையைத் திருப்பும் தசையில் கோளாறா என்று சண்டையைத் தொடங்கிவிட்டார்கள். துறவி விடைபெற்றுக்கொண்டு போனதை இருவரும் கவனிக்கவில்லை.